மாடு நின்ற வாசல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது ஒரே பேச்சுதான். டாக்டர் நடக்கச் சொன்னார், இனிப்பை விடச் சொன்னார், எதையும் ஒரேயடியாகச் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ளச் சொன்னார். காலையில் பூங்கா பெஞ்சில் நீங்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. ஏன் என்று உங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். அன்றைக்கு மழுப்பினேன். இன்று எழுதுகிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதன் வலிமை எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். ஒருவர் அதை என்மேல் செய்து காட்டினார். நான் அதை எடுத்துக்கொண்டு அவரையே பழிவாங்கினேன். பழி வேறு வாசலில் போய் விழுந்தது.

அப்பாவுக்குக் காட்டிலாகாவில் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத ஊராகப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். அதனால் என்னைத் திருவானைக்காவலில் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பெரியப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் அரிசி மண்டி. மண்ணச்சநல்லூர் மில்களிலிருந்து மூட்டை வரும். அவர் குளித்துவிட்டு வந்து நின்றாலும் மேலே தவிட்டு வாசனை அடிக்கும். பெரியம்மாவுக்கும் அவருக்கும் குழந்தைகள் இல்லை.

பெரியப்பா முழுக்க முழுக்கப் பழக்கங்களால் ஆனவர். எழுந்திருக்கும் நேரம், பல் விளக்கும் நேரம், மயிலை என்ற காளை பூட்டிய ஒற்றை மாட்டு வில்வண்டியில் ஏறி உட்காரும் நேரம் எதுவும் மாறாது. அவர் வண்டி மணியைக் கேட்டுத்தான் எதிர்வீட்டில் உலை வைப்பார்கள் என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வார். இந்த ஒழுங்குக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. எங்கள் பகுதி மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தார் செலவேற்று நடத்தும் மண்டகப்படி. அரிசிக் கடைக்காரர்கள் நாளன்று அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, பூசாரி கையால் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்பவர் பெரியப்பா. அந்தப் பட்டுத் துண்டு தலையில் ஏறுகிற நேரத்துக்காகத்தான் மனிதர் வருஷம் முழுக்க ஒழுங்காக வாழ்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு இடது கைப் பழக்கம். சாப்பாட்டை மட்டும் அம்மா வலது கைக்கு மாற்றியிருந்தாள். எழுதுவது, கொடுப்பது, வாங்குவது, பம்பரம் விடுவது எல்லாம் இடது கைதான். வந்த அன்றே பெரியப்பா பார்த்துவிட்டார்.

"அரிசி அளக்கற வீட்டுல நொட்டாங்கை கூடாதுடா தம்பி. லட்சுமி நிக்க மாட்டா."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"ஒரே நாள்ல எதுவும் மாறாது. நாளையிலேருந்து தண்ணி டம்ளரை மட்டும் வலது கையால எடு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

டம்ளர்தானே என்று எடுத்தேன். அது பழகிய பிறகு கதவுத் தாழ்ப்பாளை வலது கைக்கு மாற்றினார். பிறகு சட்டைப் பொத்தான். பிறகு நோட்டில் முதல் வரி மட்டும் வலது கை, பாக்கியெல்லாம் என் இஷ்டம். அந்த 'என் இஷ்டம்' ஒவ்வொரு வாரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் எனக்கென்று அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதோடு விட்டிருந்தால் அவரை மறந்திருப்பேன். ஆனால் அவருக்கு நான் ஒரு வேடிக்கைப் பொருள் ஆனேன். வீட்டுக்கு யாராவது வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் குறுக்கே போவேன். பெரியப்பா வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, "டேய், புடி!" என்று என் பக்கம் வீசுவார். யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகப் போகும். எந்தக் கை போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

"பாருங்க மொதலாளி, இன்னும் பழைய கைதான் முந்துது!"

"முந்தட்டும், முந்தட்டும். எருமையையே ஏர்ல பழக்கிடறோம். இவன் என்ன?"

இடது கை முந்தினால் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையை என் முதுகோடு சேர்த்துக் கட்டுவார். "அதுக்கு இன்னைக்கு லீவு விட்டாச்சு" என்பார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பொழுது சாயும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது. விரலெல்லாம் மரத்துப்போய், அவிழ்த்த பிறகு எறும்பு ஊறுவது போல இருக்கும்.

அந்தக் கைக்குப் படம் வரையத் தெரியும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. காவிரிப் பாலத்திலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை எப்படித் தெரியுமோ அப்படியே, உச்சிப் பிள்ளையார் கோயில், கீழே ஆறு, பாலத்தின் மேல் வண்டிகள் என்று மாட்டுக் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் வரைந்திருந்தேன். பள்ளியில் டிராயிங் வாத்தியார் ஒரு போட்டிக்கு என்னை அனுப்புவதாகச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன்.

"தாராளமா போ" என்றார் பெரியப்பா. "வலது கையால வரைஞ்சுட்டு வா."

வலது கையால் வரைந்து பார்த்தேன். மலை தவிட்டுக் குவியல் மாதிரி சரிந்து விழுந்தது. வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைக்குள் வைத்துக்கொண்டார். வேறொரு பையன் போட்டிக்குப் போனான். அதற்கு அடுத்த வாரம் கொட்டகைச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா வருஷமும் அடிப்பதுதான். பெரியப்பா அந்தப் படத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பாரா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். அன்றைக்குச் சந்தேகம் இல்லை. வேண்டுமென்றே அழித்தார் என்று நம்பினேன். ஈரச் சுண்ணாம்பு வாசனைக்குள் நின்றுகொண்டு, இந்த மனிதர் தலையில் பரிவட்டம் ஏறக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எப்படி என்பதற்கு ஊரிலேயே வழி இருந்தது. மதுவிலக்குக் காலம் அது. எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவர் பரம யோக்கியர் என்று பேர் வாங்கியவர். ஒருநாள் சம்பந்தி வீட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, மாடு தானாக ஆற்றோரத் தோப்புக்குத் திரும்பி, கள்ளச் சாராயம் விற்கிற குடிசை முன்னால் போய் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் யாரும் கேட்கவில்லை. "மனுஷன் பொய் சொல்லுவான், மாடு பொய் சொல்லுமா?" என்றார்கள். வண்டி மாட்டை வைத்தே வாழ்ந்த ஊர். எண்ணெய் விற்பவர் மாடு வாடிக்கை வீட்டில் தானாக நிற்கும். வைத்தியர் வண்டிக் குதிரை நோயாளி வீட்டில் தானாக நிற்கும். எங்கே நிற்கிறதோ அங்கே எஜமானுக்குப் பழக்கம் என்று அர்த்தம். அதை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் இடம் போதாமல் காலையில் மட்டும் வகுப்பு. காலையில் பெரியப்பாவோடு வண்டியில் போவேன். மதியம் வண்டிக்கார அண்ணன் வெறும் வண்டியில் என்னை வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பப் போய் பெரியப்பாவை அழைத்து வருவார். நல்ல மனிதர். ஆனால் மதியச் சோறு உள்ளே போனால் அவருக்குக் கண் நிற்காது. பாலம் ஏறியதும் கயிற்றை என் கையில் கொடுப்பார்.

"தம்பி, மயிலைக்கு வழி தெரியும். நீ சும்மா புடிச்சுக்க. பெரியப்பாகிட்ட சொல்லிடாத, சாமி."

வைக்கோல் மேல் விரித்த ஜமுக்காளத்தில் சாய்வார். ஆற்றுக் காற்றில் அடுத்த நிமிஷம் குறட்டை கேட்கும்.

மாம்பழச் சாலை தாண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அதில் தையல் டீச்சர் வாடகைக்கு இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. கூட அவருடைய தாயார், கண் தெரியாதவர். டீச்சரின் புருஷன் மலேயா போனவர், திரும்பி வரவில்லை. பெரியம்மாவைப் பார்க்க வரும் பெண்கள் டீச்சர் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். "கழுத்துல தாலி கெடக்கு, ஆம்பளையைத்தான் காணோம்" என்பார்கள். எதற்குக் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் எந்த வாசலைத் தேர்ந்தெடுத்தால் பெரியப்பாவுக்கு வலிக்கும் என்பது முழுசாகவே புரிந்தது. டீச்சர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒருமுறை என் கிழிந்த நிஜாரை வாசலிலேயே நிற்க வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதெல்லாம் தெரிந்துதான் அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரியப்பா சொல்லிக் கொடுத்த வழியைத்தான் கையாண்டேன். மயிலையை முதல் நாளே நிறுத்தவில்லை. சமையலறையிலிருந்து எடுத்த வெல்லத் துண்டு என் சட்டைப் பையில் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு முன்னால் வரும்போது கயிற்றை லேசாகத் தளர்த்தி, மாடு நடை தளர்ந்தால் குதித்து, பக்கத்தில் நடந்துகொண்டே ஒரு துண்டு கொடுப்பேன். அவ்வளவுதான். சில நாள் கழித்து, நடை தளர்ந்தால் மட்டும் போதாது, ஒரு கணம் நிற்க வேண்டும் என்று ஆக்கினேன். பிறகு நான் மெதுவாக இறங்கி முன்னால் வரும்வரை நிற்க வேண்டும். மதிய வெயிலில் தெருவில் ஆள் இருக்காது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். உள்ளே கிழவி, "யாரு, யாரு வண்டி?" என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நானே கண்டுபிடித்தேன். தினமும் வெல்லம் கொடுத்தால், இல்லாத நாளில் மாடு சீக்கிரம் நகர்ந்துவிடும். சில நாள் கொடுத்து, சில நாள் கொடுக்காமல் விட்டால் இன்று கிடைக்கும், இதோ கிடைக்கும் என்று வேர் விட்டது போல நிற்கும். வெல்லம் குறைவதைப் பெரியம்மா கவனித்தார். பிள்ளைக்குப் பசி என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே ஒரு துண்டு உடைத்துத் தர ஆரம்பித்தார். அதையும் மாட்டுக்குத்தான் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம். நான் தெருமுனையில் விளையாடுவது போல நின்றுகொண்டிருந்தேன். டீக்கடை நிறைய ஆட்கள். பெரியப்பாவின் வண்டி மணி கேட்டது. மயிலை வந்தது. டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. வண்டிக்கார அண்ணன் "ஹை, ஹை" என்றார். நகரவில்லை. பெரியப்பா உள்ளிருந்து தலையை நீட்டினார். அதே நேரம் டீச்சர், யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது.

இதை எழுதும்போதும் அந்த நிமிஷம் எனக்கு இனிக்கிறது. மறைப்பானேன்?

அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலும் நின்றது. மறுநாள் சாயங்காலமும் நின்றது. சாட்டையால் ஒன்று வைத்த பிறகுதான் நகர்ந்தது. அந்த வாரக் கடைசியில் டீக்கடைக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"மொதலாளி, எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மாடு அவ்வளவு சொல்லுதுல்ல?"

"டேய், மாட்டுக்குத் தெரியும்டா மாமன் வீடு!"

"நாம இவரு வண்டியை வச்சுக் கடிகாரம் பாத்தோம். மாடு வேற எதையோ பாத்திருக்கு."

பெரியப்பா முகம் கறுத்துப் போகும். நான் வண்டிக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வேன். அவர் சிரிக்க வைத்த அத்தனை பேரும் என் மனசுக்குள் வரிசையாக வருவார்கள்.

ஒருநாள் கோபத்தில் அவர் வண்டிக்கார அண்ணனைக் கொட்டகையில் பிடித்துக்கொண்டார். மாட்டுக்குத் தீனி வைக்கும் காடி அருகே நான் நின்றிருந்தேன்.

"உண்மையைச் சொல்லு. மத்தியானம் நீ அங்க நிறுத்தறியா?"

"சத்தியமா இல்லீங்க மொதலாளி. பாலம் ஏறினா நேரா நம்ம வீடுதான். கயித்தை நான் கீழ விடறதே இல்லீங்க."

தூங்கினேன் என்று சொன்னால் வேலை போய்விடும். என்னைப் பார்க்காமல் அந்தப் பொய்யைச் சொன்னார். தெருவில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். அது பெரியப்பாவைத்தான் மாட்டிவிட்டது. வண்டிக்காரன் நிறுத்தவில்லை என்றால், நிறுத்தியவர் யார்? தெரு சுலபமாகக் கணக்குப் போட்டது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்தார்கள். அரிசிக் கடைக்காரர்களில் சிலர், இந்த வருஷம் பரிவட்டத்துக்கு வேறு ஆளைப் பார்க்கலாமா என்று முணுமுணுத்தது வீடுவரை வந்தது. பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். பெரியம்மா வாங்க என்று சொல்லவில்லை. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

"ஐயா, உங்களை நான் ஒண்ணும் குத்தம் சொல்ல வரல. எங்க பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர் கூப்பிட்டுக் கேட்டுட்டாங்க. வீட்டுச் சொந்தக்காரர் நேத்து வந்து ஒரு மாதிரி பேசிட்டுப் போறாரு. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அந்த வீட்டுலதான் அடுப்பு எங்க, கெணறு எங்கன்னு கை வச்சே நடக்கப் பழகியிருக்காங்க. வேற எடம்னா தடுமாறிடுவாங்க."

பெரியப்பா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பெரிய மனுஷர். கோயில்ல நாலு பேர் கூடற எடத்துல ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்த வண்டிக்கும் எங்க வீட்டுக்கும் சம்பந்தமில்லன்னு. நீங்க சொன்னா ஊர் கேட்கும்."

"நான் சொன்னா நம்புவாங்களாம்மா? மாடு நிக்குதே."

"மாடு என்னங்க பண்ணும்? யாரோ பழக்கியிருக்காங்க. யாருன்னு பாத்தா தெரிஞ்சுடும்."

பெரியப்பா தலை குனிந்துகொண்டார். நான் கூடத்துத் தூணுக்குப் பின்னால் இருந்தேன். நான் பழக்கினேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். அவை தொண்டைவரை வந்தன. ஆனால் பெரியப்பாவின் குனிந்த தலையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் குனியட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் டீச்சர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரமே தெருப் பெரியவர்கள் இரண்டு பேரும் டீச்சர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியம்மா காபி கொடுத்தார்.

"நீங்க அப்படிப்பட்டவர் இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா சனங்க வாயை மூட முடியல. பரிவட்டம் கட்டற நேரத்துல எவனாவது ஏதாவது சொல்லி வச்சான்னா அசிங்கம்."

"மாட்டை வித்துடறேன்" என்றார் பெரியப்பா. "மண்ணச்சநல்லூர்ல மில்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு."

"மாடு போனா மட்டும்? வீடு அங்கேயேதானே இருக்கு. போறப்ப வர்றப்ப எல்லாம் பாப்பானுங்க."

வீட்டுச் சொந்தக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் காலி பண்ணச் சொல்லிடறேன். நமக்கு எதுக்கு வம்பு?"

மூன்று பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். மாட்டிக்கொண்டார், திணறுகிறார் என்று நான் மகிழ்ந்தேன்.

"உங்க இஷ்டம்" என்றார் பெரியப்பா.

மயிலை முதலில் போனது. மில்காரர் ஆள் வந்து கயிற்றை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனான். டீச்சர் வீட்டு வாசல் வந்ததும் அது நின்றது. அவன் பிரம்பால் முதுகில் மாறி மாறி அடித்தான். மாடு திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் ஒரு மதில் மறைவில் நின்றேன்.

ஓரிரு நாளில் டீச்சர் வீட்டைக் காலி செய்தார். தெருவில் யாரும் உதவிக்குப் போகவில்லை. ஜட்கா ஒன்றைப் பேசிக் கொண்டுவந்திருந்தார். பாத்திர மூட்டை, ஒரு தகரப் பெட்டி, தையல் மிஷின். மிஷின் தலையைத் தனியாகக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றியிருந்தார். ஜட்காக்காரர் தனியாகத் தூக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து, எதிரே நின்றிருந்த என்னை டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கை புடிக்கிறியா?"

போனேன். புடவைத் துணிக்கு மேலே மிஷின் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே ஏற்றி வைத்தோம். கிழவியை டீச்சர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கிழவி கதவு நிலையை ஒருமுறை தடவினார். வெளியே வந்த பிறகும் கை அந்தரத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

"எங்க போறீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க. வேலை கெடைக்குமான்னு பாக்கணும்." என் தலையில் கையை வைத்தார். "உங்க மாட்டை அந்த ஆளு இந்த வாசல்ல போட்டு அடிச்சான். பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு? வாங்கினவங்க கிட்ட அடிக்க வேணாம்னு பெரியப்பாவைச் சொல்லச் சொல்லு. என்ன?"

சரி என்றேன். வண்டி மாம்பழச் சாலைப் பக்கம் திரும்பும்வரை நின்றேன். பின்னால் ஓடியிருக்கலாம். ஜட்கா ஒன்றும் வேகமாகப் போகவில்லை.

பங்குனி பிறந்து திருவிழா வந்தது. அரிசிக் கடைக்காரர்கள் மண்டகப்படியன்று, நாதஸ்வரம் முழங்க, பூசாரி பெரியப்பா தலையில் பரிவட்டம் கட்டினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடை ஆட்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு போனவள்மேல் எல்லாக் கதையும் ஏறிப் போய்விட்டிருந்தது. "அவ போனா, ஊரு சுத்தமாச்சு" என்று பெரியம்மாவின் சிநேகிதி ஒருவர் என் காதுபடச் சொன்னார். நான் செய்த அத்தனைக்கும் பிறகு அந்தப் பட்டுத் துண்டு வழக்கம் போல அவர் தலையில் இருந்தது. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. டீச்சருக்காக அழுதேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்.

திருவிழா முடிந்த பிறகு ஒரு மதியம் பெரியப்பா என்னை மண்டிக்கு அழைத்துப் போனார். மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அரிசித் தூசி வெளிச்சத்தில் மிதந்தது. ஒரு மூட்டைமேல் என்னை உட்காரச் சொல்லி, எதிர் மூட்டையில் அவர் உட்கார்ந்தார்.

"மாட்டை நீதான் பழக்கினே. எனக்குத் தெரியும்."

நான் மூட்டைத் தையலின் சணல் நூலைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பழக்கலன்னா வேற யாரோ பழக்கியிருக்கணும்ல? அதைக் கண்டுபிடிக்கறது என்ன கஷ்டம்? ஒரு மத்தியானம் பஸ் ஏறி முன்னாடி வந்து, வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னேன். வண்டிக்காரன் உள்ள குறட்டை விடறான். நீ எறங்கி ஊட்டிவிடறே."

"எப்ப பெரியப்பா?"

"அந்தம்மா நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி."

நான் நாளைக் கணக்குப் பார்த்தேன். டீச்சர் நிலைப்படியில் நின்று ஒரு வார்த்தை கேட்டபோதே அந்த வார்த்தை அவர் கையில் இருந்திருக்கிறது. பெரியவர்கள் முன்னால் 'உங்க இஷ்டம்' என்றபோதும் இருந்திருக்கிறது.

"அப்ப ஏன் பெரியப்பா சொல்லல?"

அவர் கோபப்படவில்லை. வரவு வந்த அரிசியின் தரத்தைச் சொல்லும் குரலில் சொன்னார்.

"சொன்னா என்ன ஆகும்? தம்பி மவன் இந்த வேலை பண்ணினான்னு உன் பேரு போகும். வளத்த லட்சணம்னு என் பேரு போகும். நாம இந்த ஊருல இருக்கணும். அவங்க வாடகைக்கு வந்தவங்க. எப்படியும் ஒருநாள் போறவங்கதானே?"

என் பதிலுக்காகக் காத்திருந்தார். என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. முதல் தடவையாக, சமமான ஒரு ஆளிடம் பேசுவது போல என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். பயத்தில் ஆட்டியதாக என் மனைவியிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பயம் இல்லை. அவர் சொன்னது நியாயம் என்று அந்த மதியம் எனக்கு உண்மையாகவே பட்டது.